பன்னிரண்டு இலைகளும் ஒரு கேள்வியும்

2024 நவம்பர் 12, செவ்வாய். காலை 5.15க்கு எழுந்தேன். செபம் முடித்து, மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசல் தொட்டியில் இருக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து ஐந்து பூக்களைப் பறித்து மாதா படத்தின் முன் வைத்தேன். அதே செடியில் பன்னிரண்டு இலைகளைப் பறித்துக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தேன். 6.10க்கு என் கணவர் சேவியர் அதைக் குடித்தார். டைரியில் குறித்தேன். பத்தொன்பதாவது நாள்.

நம் பங்குக் கோவில் அன்பியக் குழுவில் பலருக்கு என்னைத் தெரியும். பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வருகைப் பதிவேடு எழுதுகிறவள். ஆகஸ்ட் மாதம் சேவியருக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று சொன்ன நாளிலிருந்து அவர் சாப்பிட்டது, தூங்கியது, வாந்தி எடுத்தது எல்லாம் டைரியில் இருக்கிறது.

“நான் சாவுற டைமையும் கரெக்டா எழுதிடு, ஸ்டெல்லா” என்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

மூன்று முறை மருந்து ஏற்றியும் கழுத்துக் கட்டி கரையவில்லை. அக்டோபர் 24 மாலை செபமாலை சொல்லும்போது அழுதுவிட்டேன். “ஆண்டவரே, ஒரு வழியைக் காட்டும்.” மறுநாள் காலை ஒரு வார இதழில் படித்தேன். அவருக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுகிறதாம். தலை நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே அதே செடி. இது பதில் இல்லாமல் வேறென்ன? அன்றே இலையைக் கொதிக்க வைத்தேன்.

அடுத்து மருத்துவமனைக்குப் போனபோது, “வேற ஏதாவது மருந்து குடுக்கறீங்களா?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்டவர் கொடுத்ததை மருந்து என்று எப்படிச் சொல்வது?

அவர் நாளுக்கு நாள் உருகினார். விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். செபிக்கவும் வாய் வரவில்லை. கல்லறையில் மாமனார் பக்கத்தில் இடம் இருக்குமா என்றுகூட யோசித்தேன்.

அந்தச் செவ்வாய் காலை 10.20. வெளியே மழை. சேவியருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. நான் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்வி கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, அண்ணன் இப்டி கீறாரு? நீ இன்னா எய்திகினு குந்திகினு கீற?”

“ஆஸ்பத்திரி தேதி வெள்ளிக்கிழமைதான், செல்வி.”

“அதுவரைக்கும் தாங்குவாரா? நோட்ட மூடு. கவர்மெண்ட் டாக்டரு போன்லயே மூஞ்ச பாத்து பேசுவாங்கோ. என் மருமவளுக்கு அப்டித்தான் கேட்டேன்.”

எனக்கு நம்பிக்கை இல்லை. செல்வியே ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் போனில் அழைத்தாள். பதினோரு நிமிடம் காத்திருந்தோம். திரையில் ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். வேறு மருந்து உண்டா என்று அவர் கேட்கவில்லை.

“அம்மா, காலையிலேர்ந்து அவர் வாய்க்குள்ள போனது எல்லாத்தையும் சொல்லுங்க. தண்ணியக்கூட விடாதீங்க.”

டைரியில் இருப்பதை மறைக்க எனக்குத் தெரியாது. படித்தேன். “6.10, நித்தியகல்யாணிக் கஷாயம், ஒரு டம்ளர்” என்றதும் அவர் கையை உயர்த்தினார்.

“எத்தனை நாளா?”

“பத்தொன்பது. புற்றுநோய்க்கு அவருக்கு ஏத்தற மருந்தே இந்தச் செடியிலேர்ந்துதானே?”

“இன்னையோட நிறுத்திடுங்க. முழுங்க முடியுதுன்னா சர்க்கரைத் தண்ணி குடுங்க. உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்து அந்தச் செடியிலேர்ந்து வருது, நிஜம்தான். ஆனா அதப் பிரிச்செடுத்து, சுத்தம் பண்ணி, துளி அளவு நரம்புல போடறாங்க. நீங்க கொதிக்க வெக்கறதுல எது எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அந்த டைரியையும் எடுத்துட்டுப் போங்க.”

சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்தவளும் செல்விதான். “அடப்பாவி அக்கா! பூவ மாதாவுக்கு குட்த்துட்டு தழைய அண்ணனுக்கு குட்த்தியா?”

மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. வெள்ளை அணுக்களும் குறைந்திருந்தன. “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா…” என்றார் டாக்டர்.

அன்பானவர்களே, நோய் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டி இன்னும் இருக்கிறது. டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்வதில்லை. பாதி நாள் நம்பிக்கையில்லாமல்தான் எழுந்திருக்கிறேன். ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது. முதலில் பதிலை நானே எழுதி, ஆண்டவர் கையெழுத்தையும் நானே போட்டுவிட்டேன். அவருடைய பதில் மீன் வாசம் அடிக்கும் ஒரு போனில், ஒரு கேள்வியாக வந்தது. கைவிட்டுப் போக இருந்த அந்தச் செவ்வாயை அவர் எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். நீங்களும் கேளுங்கள். கேட்டபின் அவரிடமும் மறைக்காதீர்கள், டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.

நவம்பர் 13, புதன். காலை 6.10. வார்டில் சேவியர் தூங்கிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் டைரியைத் திறந்துவிட்டேன். அந்த நேரத்துக்கு எழுத எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்காக ஒரு பெண் பிளாஸ்கைத் திறந்து, பச்சையாக எதையோ மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டைரியை மூடிவிட்டு அவளிடம் போனேன்.

“அம்மா, கொஞ்சம் இருங்க. நேத்து காலையிலேர்ந்து அவர் வாய்க்குள்ள என்னென்ன போச்சுன்னு எனக்குச் சொல்றீங்களா?”