நங்கையும் நானும் நாமக்கல் பஸ்ஸும்

என் மாமனாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று தெரிந்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் அவரை, மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் எங்கள் வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. என் கணவர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். மழைக்காலத்தில்தான் ஊருக்கு வருவார். அதனால் அந்த வேலை எனக்கும் அவருடைய அக்காவுக்கும் வந்து சேர்ந்தது. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

நங்கை பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். பஸ் கிளம்பும் நேரத்துக்கு முந்தானையைச் செருகிக்கொண்டே ஓடிவருவார். நான் அதற்குள் மாமனாரை உட்காரவைத்து, பக்கத்தில் பையையும் வைத்து, மூச்சுவிடக்கூட அலுப்பாகி உட்கார்ந்திருப்பேன். ஏறியதும் நங்கை பேச ஆரம்பிப்பார். முன்சீட்டுக்காரியிடம் தன் அப்பாவுக்கு ஒண்ணுக்குப் போகாததிலிருந்து தொடங்கி, கொடிக்காலில் வெற்றிலை அழுகியதுவரை சொல்லிவிடுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு வருவார்.

மருத்துவமனையிலும் நங்கை ஓயமாட்டார். மாமனாரின் கட்டில் ஓரத்தில் ஸ்டூல் போட்டு, ஊசி குத்தியதிலிருந்து எடுக்கும்வரை அவரிடமே எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. பாவம், அந்த மனிதருக்கு அங்கேயாவது நிம்மதி கிடைக்கக்கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். நங்கையிடம் சொன்னதில்லை. யாரிடமும் எதையும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

ஒருநாள் போனபோது மெஷின் ஒன்று ரிப்பேர் என்றார்கள். நாளைக்கு வரச் சொன்னார்கள். மாமனாருக்குக் கால் இரண்டும் வீங்கி, பேசினாலே மூச்சு வாங்கியது. நான் "சரிங்க" என்று பையை எடுத்துவிட்டேன்.

"எங்க புள்ள போற? உக்காரு" என்றார் நங்கை. பிறகு நர்ஸிடம் போய், "உனக்கு எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டார். அந்தப் பெண் மோகனூர் என்றாள். "மோகனூரா! எங்க கொடிக்காலுக்கு அங்க இருந்துதான் ஆளுங்க வாராங்க" என்று ஆரம்பித்தவர், அவள் அம்மாவின் முட்டிவலிவரை விசாரித்துவிட்டார். மத்தியானத்துக்கு வரவேண்டிய ஒருவர் வரவில்லை என்று அந்தப் பெண்ணே கடைசியில் வந்து சொல்லி, மாமனாரை அந்த இடத்தில் படுக்கவைத்தாள். நங்கை சண்டையே போடவில்லை. நான் தனியாக வந்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்திருப்பேன். வழியில் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கதையை நங்கை பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தலை வலித்தது. நன்றியும் தலைவலியும் ஒன்றாகத்தான் வந்தன.

அப்புறம் மருத்துவமனையில், நோயாளிகளோடு யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிருமி தொற்றிவிடும் என்று காரணம் சொன்னார்கள். நாங்கள் இருவரும் வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். அது தொடங்கிச் சில வாரங்களில், ஒரு காலையில் மாமனார் பஸ்ஸுக்குக் கிளம்பாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் வல்ல சாமி. என்னைய உட்டுருங்க."

நங்கை கெஞ்சினார், திட்டினார், அழுதார். "நீங்க இப்படிப் பண்ணுனா நாங்க என்னங்கப்பா பண்றது?" அவர் பேசப் பேச மாமனார் இன்னும் சுருண்டுகொண்டார். நங்கை வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். "எனக்குப் பேச்சு வல்ல புள்ள. நீ போயி உக்காரு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன். நரம்பு புடைத்துக் கிடந்த அவர் கையை மெல்ல நீவிவிட்டேன். நாங்கள் போகவேண்டிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயே விட்டது. எனக்கும் உடம்பு அசந்திருந்தது. போகாமல் இப்படியே உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து, "ஊசி வலிக்குது கண்ணு" என்றார்.

ஊசி குத்திய இடத்தை மெல்லத் தடவினேன்.

"முன்ன எல்லாம் இவ எதையாச்சும் பேசிக்கிட்டே இருப்பா. அதக் கேட்டுக்கிட்டே கெடந்தா வலி தெரியாது. இப்பத்தான் அவள உள்ளயே உட மாட்டேங்கறாங்களே."

வெளியே வந்து நங்கையிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெசமாலுமா?" என்று கேட்டார். "நான் உள்ள வந்து உக்காந்துக்கறங்கப்பா" என்று அவர் போய்ச் சொன்னதும் மாமனார் எழுந்துவிட்டார். அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினோம். அந்த மோகனூர்ப் பெண்ணிடம் நங்கை என்ன பேசினாரோ, அவள் டாக்டரிடம் கேட்டு வந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு ஆள் மட்டும் உள்ளே இருக்கலாம் என்றாள்.

அதற்குப் பிறகு நங்கை உள்ளே, நான் வெளியே. கதவுக்கு அப்பால் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன்.

போன ஐப்பசியில் மாமனார் வீட்டிலேயே இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்களும் கிளம்பிப்போன மத்தியானம், நாங்கள் இருவரும் முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம்.

"உனக்கு என்மேல கோவமே வந்ததில்லயா புள்ள?" என்று கேட்டார் நங்கை.

"வந்துச்சுங்க. தெனமும் வந்துச்சு."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க எங்கீங்க எடம் குடுத்தீங்க?"

சிரித்தார். "நீ பேசாம இருக்கறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும். நம்மளத்தான் மனசுக்குள்ள திட்டறாளோன்னு. அதுக்கோசரமே இன்னும் பேசுவேன்" என்றார். பிறகு அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே குரல் தேய்ந்து, வெறும் தரையில் சாய்ந்து தூங்கிவிட்டார். தலைக்கு ஒரு தலையணையை நகர்த்தி வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.