நான் இன்னும் அவுட் ஆகவில்லை

எங்கள் வீட்டில் வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றுதான். ஆடுகிற ஆட்கள் இரண்டு: நானும் என் தம்பியும். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஆடுகிறவர் அடிபட்டு விழுந்தால் கன்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். விழாதவரை அது அவர் கையில்தான். ஐந்து நிமிடமோ ஐந்து நாளோ, யாரும் கேட்க முடியாது. முதலில் “செத்துட்டேன்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பி, “வெளக்கு வெச்ச நேரத்துல அக்காவும் தம்பியும் மாத்தி மாத்தி செத்துட்டேன் செத்துட்டேன்னு சொல்லிக்கினு இருக்கீங்களே, வூடு வெளங்குமா?” என்று ஒரு பிடி பிடித்தாள். அன்றிலிருந்து அது “அவுட்” ஆகிவிட்டது.

இந்தச் சட்டத்தைத்தான் என் தம்பி மீறினான். நான் அவுட் ஆகாமல் இருக்கும்போதே கன்ட்ரோலரை எடுத்தான். மாதங்கள் ஆகிவிட்டன, எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

எனக்கு முப்பத்தாறு வயது. திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இந்த வயதில் பொம்பளைக்கு வீடியோ கேம் ஒரு கேடா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவர்கள் வருஷக்கணக்காக ஒரே சீரியலில் ஒரே மாமியார் ஒரே மருமகளுக்கு விஷம் வைப்பதைப் பார்க்கிறார்கள். நான் ஏதாவது கேட்டேனா?

நாங்கள் ஆடியது வாளும் கேடயமும் கொடுத்து ஒரு பெரிய தேசத்தில் இறக்கிவிடுகிற ஆட்டம். காடு, கோட்டை, பாழடைந்த ஊர்கள் எல்லாம் உண்டு. வடக்கே ஒரு பாலம். பாலத்தில் ஒரு ராட்சசன் காவல். பாலத்துக்கு அந்தப் பக்கம் பனி மூடிய மலை. தம்பி சண்டைக்காரன். எதைப் பார்த்தாலும் வாளை உருவுவான், கொஞ்ச நேரத்தில் அவுட் ஆவான். நான் சுற்றுகிறவள். பெருமையாகச் சொல்லவில்லை, சண்டைக்குப் போனால் கன்ட்ரோலர் கைமாறிவிடும் என்கிற பயத்தில்தான் சுற்றக் கற்றுக்கொண்டேன். புதரில் பதுங்கி, எதிரி முதுகைக் காட்டும்போது நழுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவுட் ஆகாமல் நடந்திருக்கிறேன். பக்கத்தில் அவன் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றபடி, “சண்டைக்கே போவ மாட்டேங்குற, அப்புறம் எப்பக்கா நீ அவுட் ஆவ? பேஜாரா கீது” என்று புலம்புவான்.

ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பெருமுக்கல் மலைக்குப் போனாலும் இதே கதைதான். அவன் நேரே உச்சிக்கு ஓடி, கோயிலைப் பார்த்துவிட்டு, “ஜல்தி வாக்கா” என்று மேலேயிருந்து கத்துவான். நான் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவேன். அதிகபட்சம் ஒரு குரங்கு இருக்கும். இருந்தால் என்ன, பார்த்தேன் இல்லையா?

இந்த ஆட்டங்களைச் செய்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் இரண்டு உண்டு. ஒன்று, கதவைச் சாத்திவிட்டு அடிக்கிற சண்டை. மண்டபத்துக்குள் கால் வைத்ததும் பின்னால் கதவு மூடிக்கொள்ளும், எதிரே பூதம் நிற்கும். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அப்புறம் எதற்கு எனக்கு அவ்வளவு பெரிய தேசம்? அந்தப் பூதமும் லேசில் விழாது. நாற்பது வெட்டு வாங்கும், ஒரு பருக்கையளவு உயிர் குறையும். கேட்டால் கஷ்டமான சண்டையாம். கஷ்டம் வேறு, கழுத்தறுப்பு வேறு. சண்டை என்றால் நான் யோசித்துத் தப்பிக்கவும் அதில் வழி இருக்க வேண்டும்.

இரண்டாவது, அம்புக்குறி. புதையல் இங்கே, குகை அங்கே என்று வரைபடம் முழுக்கப் புள்ளி வைத்து, திரையின் ஓரத்தில் அம்பு போட்டுக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் போவதுதானே சுற்றுவது? முதல் வேலையாக அதையெல்லாம் அணைத்துவிடுவேன். பழைய மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நானே பேனாவால் வரைந்துகொள்வேன்.

தம்பிக்குக் கல்ஃபில் வேலை கிடைத்தது. உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற கம்பெனி. கிளம்புகிற அன்று பெட்டியெல்லாம் வாசலில் இருக்க, இவன் பாலத்து ராட்சசனோடு மோதிக்கொண்டிருந்தான். கார் வந்து ஹாரன் அடித்தது. அதே நேரத்தில் அவுட் ஆனான். கன்ட்ரோலரை என் கையில் வைத்து, “உன் டர்ன்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த டர்ன் இரண்டு வருஷம் ஓடியது. நான் அவுட் ஆகவே இல்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்று கூப்பிடுவான். “பாலத்து ஆள அடிச்சியாக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. அடிக்கவில்லை. அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. பாலத்துக்கு அடியில் ஆடு ஏறுகிற மாதிரி ஒரு தடத்தைக் கண்டுபிடித்துவைத்திருந்தேன். ராட்சசன் கண்ணில் படாமலே மலைக்குப் போய்விடலாம். எத்தனையோ முறை அந்தத் தடம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். மலையைத் தம்பி வந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். காலண்டர் தாளில் அந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தேன்.

முப்பது நாள் லீவில் வந்தான். மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து விழுப்புரத்திலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து கதவைத் திறந்தால், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கையில் கன்ட்ரோலர். திரையில் வரைபடம் முழுக்க அம்மை போட்டதுபோலப் புள்ளி. நான் அணைத்துவைத்த அத்தனை அம்புகளையும் போட்டுவிட்டிருந்தான். மலையில் எத்தனை குகை, எந்தக் குகையில் என்ன என்று எல்லாம் எழுதியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“யாரக் கேட்டு எடுத்த? நான் அவுட் ஆனேனா?”

“இல்லக்கா, சும்மா ஒரு தடவ…”

“ஒரு தடவையா? எத்தினி தடவ அவுட் ஆன?”

“ஒரு ஏழு வாட்டி.”

அடப்பாவி. முதல் தடவை விழுந்ததுமே என் கைக்கு வந்திருக்க வேண்டியது. ஏழு தடவை விழுந்து ஏழு தடவை ஏமாற்றியிருக்கிறான். இரண்டு வருஷம் ஒரு கீறல் படாமல் நான் காப்பாற்றி வைத்திருந்த ஆளை ஒரே மத்தியானத்தில் ஏழு முறை சாகடித்திருக்கிறான். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். மலையை அவனுக்காகப் பார்க்காமல் வைத்திருந்ததையும் சொல்லித் திட்டினேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் குனிந்தபடியே சொன்னான். “மொத்தமே முப்பது நாளு. மூணு நாள் போயிடுச்சிக்கா. நீ அவுட் ஆவறதுக்குள்ள நான் ஃப்ளைட் ஏறிடுவேன்.”

செருப்பைக் கழற்றிப்போட்டேன். “குடு இங்க. ஏழு வாட்டி அவுட் ஆயிட்ட, இப்ப என் டர்ன்” என்று கன்ட்ரோலரைப் பிடுங்கினேன். முதலில் புள்ளிகளையும் அம்புகளையும் அணைத்தேன். பிறகு நேரே பாலத்துக்கு நடந்து, ராட்சசன் முன்னால் போய் நின்றேன். கேடயத்தைத் தூக்கவில்லை. இரண்டே அடியில் விழுந்தேன்.

“வேணும்னே வுழுந்தக்கா நீ.”

“புடி” என்று நீட்டினேன்.

மீதி நாட்களில் அவன் அடிப்பான், நான் வழி சொல்வேன். பாலத்தடித் தடத்தைக் காட்டினேன். அதில் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். ராட்சசனை அடித்துவிட்டுப் பாலத்தின் மேல்தான் வருவானாம். சரி, அவன் புத்தி. அவன் அவுட் ஆனால் நான், நான் வேண்டுமென்றே விழுந்தால் அவன் என்று மாறி மாறிப் போனது. சட்டப்படி பார்த்தால் நான் செய்ததும் மோசடிதான், ஒத்துக்கொள்கிறேன்.

கிளம்புகிற அன்று காலையில் ராட்சசன் விழுந்தான். தம்பி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஆட்டத்துக்குள் அவன் பாலத்தைக் கடந்து மலையடிவாரத்தில் போய் நிற்கவும், வெளியே கார் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. நான் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. கன்ட்ரோலரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

“நான் இன்னும் அவுட் ஆவல. என் டர்ன்தான். வந்து ஆடிக்கறேன், தொடாத.”

எட்டு மாதம் ஆகிறது. என்ன அக்கிரமம் இது? மலையைக் கண்ணெதிரே நிறுத்திவிட்டு, ஆடவும் விடாமல், ஆடவும் ஆளில்லாமல். வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் இப்போது முதல் கேள்வி, “தொட்டியா?” தொடவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன். சட்டம் சட்டம்தானே. எவன் மீறினாலும் நான் மீறுவதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் டிவியைப் போட்டு, அவன் விட்ட இடத்தை மட்டும் திறந்து பார்த்தேன். மலையடிவாரத்தில், பனியில், கேடயத்தை முதுகில் போட்டுக்கொண்டு அவன் ஆள் நிற்கிறது. நான் எந்தப் பட்டனையும் அமுக்கவில்லை. அம்மா தீப்பெட்டியோடு வந்தவள் என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஆட்டத்தில் ஒன்றும் புரியாது. மகன் எத்தனையாவது மாடியில் வேலை செய்கிறான் என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

“அவந்தானே இது?”

“ஆமாம்மா.”

“இன்னும் அவுட் ஆவலியே?”

“ஆவல.”

“ஆவாமலே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, விளக்கேற்றப் போனாள்.