ஆடித் தள்ளுபடி கோல்கீப்பர்

என் கணவரை எங்கள் ஏரியா டீம் கோல்கீப்பராக எடுத்த வாரத்தில் டீக்கடைக்காரர் என் அப்பாவிடம் கேட்டாராம்: "இன்னாண்ணா, ஆடித் தள்ளுபடியில உங்க மாப்ளையையும் சேத்து வாங்கிட்டாங்களாமே?" அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். என் கணவர் கையுறைகளை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டே, "தள்ளுபடிதான். ஆனா சாயம் போகாது மாமா" என்றார்.

கன்னடம் பேசும் நகரத்தில் தமிழர்கள் நிறைந்த பேட்டை எங்கள் மர்பி டவுன்; அதன் சந்துகளுக்கு கிரிக்கெட்டைவிட ஃபுட்பால்தான் முக்கியம். நகர லீக்கில் ஆடும் எங்கள் டீமுக்குப் பின்னால் பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. கறிக்கடைக்காரர், பந்தல்காரர், ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று ஏரியாக்காரர்கள் கொடுப்பதில்தான் டீம் ஓடுகிறது. அதனால் நன்றாக ஆட ஆரம்பிக்கிறவனை ஏதாவது கம்பெனி டீம் சம்பளம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போய்விடும். அந்த வருஷம் அப்படி கோல்கீப்பர், ஃபார்வர்டு என்று முக்கியமானவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கையில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு கமிட்டி மூன்று பேரை எடுத்தது. முழங்காலில் ஆபரேஷன் ஆன ஒரு ஃபார்வர்டு. மணிப்பூரிலிருந்து காலேஜ் படிக்க வந்த ஒரு பையன். அப்புறம், கம்பெனி டீமில் பல வருஷம் ஆடி, வயது முப்பத்தைந்தைத் தாண்டியதும் 'இனி வேண்டாம்' என்று சொல்லப்பட்ட என் கணவர்.

நான் அவருக்கு மனைவியாவதற்கு முன்பே இந்த டீமின் ரசிகை. அப்பா ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர், தொழிற்சாலை டீமில் லெஃப்ட் பேக் ஆடியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை சர்க்கஸுக்குக்கூட கூட்டிப்போகாதவர் என்னை ஸ்டேடியத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார். வளர்ந்த பிறகு என் கணவரை முதலில் பார்த்ததும் அங்கேதான். எதிர் டீமின் கோல்கீப்பராக நின்றார். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் என் சிநேகிதியும் அவரைக் கத்திக் கத்தி வெறுப்பேற்றினோம். ஒரு தடவை திரும்பி, "தொண்டை வலிக்கப் போவுது, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். அதிலிருந்து ஆரம்பித்ததுதான். வீட்டில் நாங்கள் இருவரும் நீ, நான்தான். அப்பா எதிரில் மட்டும் அவர் எனக்கு 'அவரு'.

சீசன் நன்றாகத்தான் தொடங்கியது. முதல் மேட்சுகளில் ஜெயித்தோம். டீக்கடையில் தள்ளுபடிப் பேச்சு மாறி, "சரக்கு நல்ல சரக்குப்பா" என்றார்கள். அப்புறம் கோல் விழ ஆரம்பித்தது.

விழுந்த விதம்தான் எனக்கு உறுத்தியது. தூரத்திலிருந்து வந்த ஒரு ஃப்ரீ கிக். பந்து கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் அசைந்தார். அடுத்த மேட்சில் இடது பக்கமிருந்து உயரமாக வந்த பந்துக்கு எகிறி, காற்றைப் பிடித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "கைக்கு வந்த பந்தும்மா! கைக்கு வந்தது!"

அப்பாவின் சிநேகிதர் ஒருவர் உண்டு. பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், கமிட்டியிலும் இருக்கிறார். நான் பேங்க் மாமா என்று கூப்பிடுவேன். மூன்று பேரையும் எடுக்கச் சொன்னவர் அவர்தான். "பேக்ல நிக்கறவன் ஒருத்தனும் ஓடல. கீப்பர் இன்னா பண்ணுவான்? அவனை மட்டும் சொல்லாதே" என்று அப்பாவிடம் சண்டைக்கு நிற்பார்.

"நீ எடுத்த சரக்கு, நீ பேசத்தான் செய்வே."

"உன் மாப்ளைய்யா அவன்!"

"வீட்டுல மாப்ள. கிரவுண்டுல கீப்பர்."

இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் நான் இருந்தேன். மேட்ச் முடிந்ததும் போன் துடிக்கும். சிவாஜிநகரில் குவித்துப் போட்டு விற்கும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சட்டையோடு அவரை ஒருவர் ஒப்பிட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சற்று நேரத்தில் யாருக்கோ நான் அந்தக் குரூப்பில் இருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். எல்லாம் அழிக்கப்பட்டன. அழித்ததைப் பார்த்தபோதுதான் அதிகமாக வலித்தது. அதற்குப் பிறகு ஸ்டேடியத்தில் நான் படியேறினால் பேச்சு சட்டென்று நிற்கும். யாராவது நகர்ந்து இடம் விடுவார்கள், "உக்காரும்மா" என்று, துக்க வீட்டுக்கு வந்தவளிடம் சொல்வதுபோல.

ஒருநாள் காலை அவர் கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு சாவியைக் கேட்டார். மாடியிலிருந்து எறிந்தேன். தினமும் எறிவதுதான். அவர் பேசிக்கொண்டே ஒற்றைக் கையில் பிடிப்பார். அன்று அவர் கை ஒரு பக்கம் போனது, சாவி இன்னொரு பக்கம் போய் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. "சரியா எறியக்கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். நான் சரியாகத்தான் எறிந்திருந்தேன். ஸ்கூலுக்குப் போய் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லித் தரும்போதும் அந்தக் கை தப்பான இடத்துக்குப் போனதே கண்ணில் நின்றது.

சாயந்திரம் கேட்டேவிட்டேன். "உனக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?"

"இன்னா, நீயும் குரூப்ல சேந்துட்டியா?"

"வலது கண்ணை மூடிக்கினு என்னைப் பாரு."

மூடவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். முன்பு ஒரு பிராக்டீஸில் இடது கண்ணில் பந்து பட்டு வீங்கியது அல்லவா, அந்தக் கண்தான். இப்போது பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல இருக்கிறதாம். வெயிலுக்கு எதிரே நின்றால் பந்து வெள்ளையாகக் கரைந்துபோகிறதாம்.

"எப்பலேருந்து?"

"டீம்ல எடுக்கும்போது லேசாத்தான் இருந்துச்சு. இவ்வளவு ஆவும்னு நினைக்கல."

"டாக்டர்கிட்ட போலாம், நாளைக்கே."

"சீசன் முடியட்டும். இப்ப உக்காந்தா அதோட முடிஞ்சுது. எவன் திரும்பக் கூப்பிடுவான்? யார்கிட்டயும் சொல்லாதே. உங்கப்பாகிட்ட சொல்லவே சொல்லாதே."

சரி என்றேன். அந்தச் சரியோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த மேட்சில் ஸ்கோர் என்னவென்றே நான் பார்க்கவில்லை. எதிர் டீம் ஃபார்வர்டின் பூட்ஸையும், என் கணவர் தலை குனிந்து பந்தின்மேல் விழுகிற இடத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கண்ணிலும் அடிபட்டுவிட்டால்? அந்த எண்ணம் வந்த பிறகு ஒவ்வொரு கார்னர் கிக்காக எண்ண ஆரம்பித்தேன். சுற்றிலும் எல்லோரும் கோலுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

லீக்கின் பாதி முடிந்து இடைவேளை விட்டார்கள். டீம் கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் இருந்தது. தள்ளுபடியில் எடுத்த மூவரையும் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று பேச எங்கள் தெரு மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். விளையாடுகிறவர்களைக் கூப்பிடவில்லை, ரசிகர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். அவர் வீட்டில் இருந்தார். "நீ போகாதே" என்றார். என்னால் போகாமல் இருக்க முடியவில்லை.

முழங்கால்காரனைப் பற்றி முதலில் பேசினார்கள். ஓடுகிறான், ஆனால் திரும்பத் தெரியவில்லை என்றார் ஒருவர். மணிப்பூர்ப் பையனை எல்லோருக்கும் பிடித்திருந்தது, பந்தைத்தான் யாரும் அவனுக்குக் கொடுப்பதில்லை. அப்புறம் பேச்சு கோல்கீப்பரிடம் வந்தது. எல்லோரும் என்னையும் அப்பாவையும் பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். "அவரு என் மாப்ள. அதனால நானே சொல்லிடறேன், நீங்க யாரும் சங்கடப்பட வேணாம். அவரை உக்கார வெச்சுட்டு பெஞ்சில இருக்கிற ரிசர்வ் கீப்பர், அந்தச் சின்னப் பையனை இறக்குங்க."

பேங்க் மாமா கொதித்துப்போனார். "உனக்கு மனசாட்சி இருக்கா? பாதி சீசன்ல ஒரு கீப்பரை உக்கார வெச்சா அவன் பொழப்பு இன்னாத்துக்கு ஆவறது? இன்னும் நாலு மேட்ச் குடுங்கப்பா. பேக்ல ஆளை மாத்துங்க, எல்லாம் சரியாயிடும்."

"நாலு மேட்ச் குடுக்கலாம்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "குடுக்கலாம், குடுக்கலாம்" என்று பலர் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் என் முகத்துக்காகத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்தக் கருணை என்னைப் பயமுறுத்தியது. இன்னும் நாலு மேட்ச். நாலு மேட்சில் எத்தனை கார்னர் கிக்.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. "குடுக்காதீங்க" என்றேன். "அவரை இப்ப ஆட விடாதீங்க. ஏன்னு அவரே வந்து சொல்வாரு."

பேங்க் மாமா வாயைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் யாரையும் பார்க்காமல் வெளியே வந்து வேகமாக நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். எங்கள் வீட்டுப் படியில் வைத்து, "ஏம்மா, உங்களுக்குள்ள ஏதாவது…?" என்று தயங்கினார். இல்லையென்று தலையாட்டினேன்.

நான் சொன்னதைக் கேட்டு என் கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டிலிருந்த சாப்பாட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "எல்லார் எதிர்லயுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கதவோரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த அப்பாவிடம் போனார்.

"மாமா, எனக்கு இடது கண்ணு சரியாத் தெரியல."

அப்பாவின் முதல் கேள்வி: "எந்த மேட்ச்லேருந்து?"

கேட்டுவிட்டு அவரே கூசிப்போனார். "அய்யய்யோ, அதுக்குக் கேக்கல மாப்ள…" என்று திணறி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு என் கணவர் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. சிரித்தார், ஆனால் என்னோடு பேச அவருக்கு இன்னும் சில நாட்கள் ஆயின.

கண் ஆஸ்பத்திரியில், பழைய அடியினால் வந்த புரை என்றார்கள். லென்ஸ் மாற்றலாம், ஆனால் உள்ளே நரம்பு எப்படி இருக்கிறது என்பது ஆபரேஷனுக்குப் பிறகுதான் முழுசாகத் தெரியும் என்றார் டாக்டர். ஆபரேஷன் அன்று மத்தியானம் டீமுக்கு மேட்ச். அப்பா என்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேங்க் மாமா இரண்டு தடவை போன் செய்தார், அப்பா எடுக்கவில்லை. மூன்றாவது தடவை நானே, "எடுங்கப்பா, ஸ்கோரைக் கேளுங்க" என்றேன். எடுத்தவர், "இன்னும் உள்ளதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஸ்கோர் கேட்கவே இல்லை. அந்த மாமாவும் ஸ்கோர் சொல்லக் கூப்பிடவில்லையாம், ஆபரேஷன் முடிந்ததா என்று கேட்கத்தானாம்.

கட்டுப் பிரித்த அன்று, எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரில் சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னேன். தப்பும் தவறுமாகப் படித்தார். கன்னடத்தில் இருந்ததனால் தப்பா, கண்ணால் தப்பா என்று எனக்குப் புரியவில்லை. வாரம் போகப் போகத்தான் தெளிந்தது. பழையபடி முழுசாக இல்லை, பனி மட்டும் விலகியிருந்தது.

டீமில் சின்னப் பையன் கோல் காத்தான். முழங்கால்காரன் எதிர்பாராமல் கோல் அடிக்க ஆரம்பித்தான். டீக்கடையில் அவனைத் தங்கம் என்றார்கள். என் கணவர் கடைசி மேட்சுகளுக்கு, டாக்டரின் அனுமதியோடு, தலையைச் சுற்றிப் பட்டை வைத்த விளையாட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மாற்று கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கடைசி மேட்சில் தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். டிரா போதும். இரண்டாம் பாதியில் சின்னப் பையன் கட்டைவிரல் பிசகி, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் கணவர் எழுந்து கையுறையை மாட்டுவதைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. படியிறங்கி கேட்டுக்கு வெளியே கரும்புச்சாறு வண்டி பக்கம் போய் நின்றேன். மெஷின் சத்தத்துக்கு மேலே உள்ளேயிருந்து கூட்டத்தின் சத்தம் வந்தது. ஒரு 'ஆ' வந்தால் என்ன அர்த்தம், 'ஓ' வந்தால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். ஒருதடவை எல்லோரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். சாறு பிழிகிறவர் என்னைப் பார்த்து, "கோலா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். அப்பா.

"நீங்க ஏம்பா வந்தீங்க? மேட்ச் நடக்குதே!"

"உன்னைக் காணோமேன்னு வந்தேன்."

"பாத்துட்டீங்கல்ல, போங்க உள்ள."

"போறேன்" என்றார். போகவில்லை. இரண்டு டம்ளர் சாறு வாங்கினார். இருவரும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றோம். விசில் கேட்டது. அதன் பிறகு கைதட்டல், பெரிய கைதட்டல். கேட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த பையன்களிடம் அப்பா கேட்டார்: "இன்னாச்சுப்பா?" "டிரா! டிரா!" என்று கத்திக்கொண்டே போனார்கள். அப்பா டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும்தான்.

என் கணவர் உடை மாற்றிக்கொண்டு வெளியே வர நேரமாயிற்று. முட்டியில் சிராய்ப்பு, முகத்தில் ஒன்றுமில்லை. முதலில் முகத்தைத்தான் பார்த்தேன்.

"அந்தக் கடைசி ஹெட்டரைப் பாத்தீங்களா மாமா?" என்று சின்னப் பிள்ளைபோல ஆர்வமாகக் கேட்டார். "இடது பக்கம் கீழ வந்துச்சே, அது?"

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"பாக்காம இருப்பமா மாப்ள?" என்றார். "நல்ல சேவ்."