மூன்றாவது விரல்

என் அப்பா சுடலை முப்பத்தொரு வருஷம் பாறைக்கு வெடி வைத்தார். ஓய்வு பெற்ற பிறகு மீனுக்கு வைத்தார்.

1974இல் ஐம்பத்தெட்டு வயது முடிந்ததும் அணைக்கட்டுச் சுரங்க வேலையிலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். குமுளிக்கு வெளியே சாலைச் சரிவில் ஐந்து சென்ட் நிலமும் தகரக்கூரை வீடும் இருந்தன. கையில் விழுந்த நாட்களை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முதல் மாதம் முழுக்க, வீட்டுக்குப் பின்னால் கிடந்த பெரிய பாறையைச் சம்மட்டியால் உடைத்தார். உடைக்க எந்தத் தேவையும் இல்லை. ஒரு சில்லு தெறித்து அம்மாவின் நெற்றியில் இரண்டு தையல் விழுந்த பிறகுதான் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு உலாவப் போக ஆரம்பித்தார். காலையில் குமுளிக்கு நடந்து, கம்பத்திலிருந்து மலையேறி வரும் முதல் பஸ்ஸைப் பார்ப்பார். ஒரு டீ. பிறகு கறிக்கடை முன்னால் நின்று கிடா வெட்டுவதைப் பார்ப்பார். வெட்டு கோணலாக விழுந்தால் கத்தியைப் பிடுங்கித் தானே வெட்டிக் காட்டுவார். வரும் வழியில் குரங்கைக் கண்டால் கல்லெறிவார். குறி தப்பாது. ஒரு குட்டி விழுந்ததை நானே பார்த்தேன். "என்னத்துக்குப்பா?" என்று கையால் கேட்டேன். "சும்மாதாம்ல" என்றார்.

கையால் கேட்டேன் என்றேன். அப்பாவுக்குக் காது போய்ப் பத்து வருஷமாகியிருந்தது. வெடி தின்றுவிட்டது.

ஆனால் இதெல்லாம் வாரத்தை ஓட்டத்தான். அவர் காத்திருந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்றுதான் கருத்தப்பாண்டி சித்தப்பாவோடு உரல்கயத்துக்கு மீன் பிடிக்கப் போவார். சித்தப்பா சொந்தமில்லை, பக்கத்து வீடு. சுரங்கத்தில் அப்பா வெடித்த கல்லை அள்ளியவர். அப்பாவுக்கு முந்தின வருஷமே வேலையை விட்டவர். உரல்கயம், ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆழமாகத் தேங்கும் இடம். அப்பா வெடிமருந்துத் தோட்டாவின் திரியைக் கொளுத்தி எறிவார். மீன் வயிறு பிளந்து மிதக்கும். சித்தப்பா குதித்து அள்ளுவார்.

அவர்களுக்குள் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு முறை இருந்தது. திரியைக் கொளுத்தியவுடன் எல்லோரும் பாறைக்குப் பின்னால் பதுங்க வேண்டும். முகத்தைப் பாறையை நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டிப் பார்த்துக் கண் போனவர்களை இருவருக்கும் தெரியும். அப்பா அதிர்வை அறிய வெறுங்காலைப் பாறையில் ஊன்றி நிற்பார். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு விரலை உயர்த்துவார். வைத்த கணக்குக்கு விரல் சரியாக நின்றால், கையை மூடிக் கீழே இறக்குவார். அப்போதுதான் உள்ளே போகலாம். ஒரு விரல் குறைந்தால் அரை மணி நேரம் யாரும் அசையக் கூடாது. முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கையை நம்பி உள்ளே போன ஒருவர்கூடச் சாகவில்லை. அப்பாவிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதைத்தான் சொல்வார்.

நான் மதுரையில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் சரிவில் முதல் பட்டதாரி. வேலை இல்லை. மீன் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போவேன்.

"ஏம்ப்பா பி.ஏ., மீனு நாத்தம் படிச்ச கையில ஒட்டிக்கிருமா?" என்பார் சித்தப்பா.

"ஒட்டினாலும் கழுவிக்கலாம் சித்தப்பா."

"அப்ப வரலாத்துல எழுது. பாண்டின்னு ஒருத்தன் இருந்தான், விலாங்கைப் பல்லால கடிச்சே கொன்னான்னு."

உண்மையாகவே அப்படித்தான் கொல்வார். விலாங்கின் தலையை வாயில் வைத்து நெறிப்பார். தாடையில் ரத்தம் வடிய என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. அப்பா மூன்று எறிந்தார். எனக்கு இரண்டு சத்தம்தான் கேட்டது. அப்பாவோ மூன்று விரலை உயர்த்திக் கையை மூடினார்.

"எறங்காதீங்க சித்தப்பா! இன்னும் ஒண்ணு இருக்கு!" என்று கத்தி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

சித்தப்பா சிரித்துக்கொண்டே வேட்டியை என் கையில் விட்டுவிட்டுக் கோவணத்தோடு குதித்தார். எதுவும் நடக்கவில்லை. இரண்டு வெடி ஒன்றாக வெடித்திருக்கின்றன, அவ்வளவுதான். மறுகரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அப்பா வந்து என் கன்னத்தில் அறைந்தார். உதடு கிழிந்தது.

"காத வச்சு எண்ணுதியோல? காது பொய் சொல்லும். காலக் கேளு. நான் எண்ணினது என்னைக்குல தப்பாப் போச்சு?"

அன்று தப்பு என்னுடையதுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அறை வாங்கியது தப்புக்காகவா, அவர் எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டதற்காகவா என்று பல நாள் யோசித்தேன்.

ஞாயிறு கூட்டம் அதிகமாகிவிட்டது. இளவட்டங்கள் வலையோடு வந்தார்கள். முக்கியமாகப் பெரியமுத்து என்ற டிரைவர் பையன் தானும் தோட்டா போடப் பழகிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அதனால் சித்திரையில் ஒரு நாள் சித்தப்பா அப்பாவின் தோளைத் தட்டி, சைகையும் பேச்சுமாகச் சொன்னார்:

"வேலயத்த ஆளுகளுக்கு ஞாயித்துக்கெழம எதுக்குண்ணே? நமக்கு எல்லா நாளும் ஞாயிறுதான? வியாழக்கெழம போவோம். கயம் நமக்கே நமக்கு."

அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக வேலைநாளில் மீன் பிடிக்கப் போனார். அம்மா சாந்தம்மாள் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

கோடைமழைக்கு மேகம் கட்டியிருந்தது. வெயில் தெரியவில்லை. மீன்கள் வந்து கூட வெகுநேரம் ஆயிற்று. சித்தப்பா தவிட்டு உருண்டையைத் தூவிக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்பா மூன்று தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எறிந்தார். பாறைக்குப் பின்னால் பதுங்கினோம்.

ஒன்று. அப்பாவின் முதல் விரல் எழுந்தது. இரண்டு. தண்ணீர் எங்கள் தலையில் கொட்டியது. பிறகு மூன்றாவது சத்தம். அது வேறு மாதிரி இருந்தது. மந்தமாக, அகலமாக, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பாறை அதிர்ந்தது. அப்பாவின் மூன்றாவது விரல் எழுந்தது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரி இருக்கிறது. வேலைநாட்களில் பன்னிரண்டுக்கு வெடி வைப்பார்கள். ஞாயிறு அவர்களுக்கு லீவு. ஞாயிறு மட்டுமே அங்கே நின்று பழகிய காலுக்கு, அந்தப் பாறையில் அதிர்வதெல்லாம் தன் வெடிதான்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரிந்ததா? எழுதும்போது இவ்வளவு தெளிவாக வருகிறது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தது நிஜம். சொல்ல வாயெடுத்ததும் நிஜம். அப்போது உதட்டில் ஆறிய தழும்பு இழுத்தது. அப்பா கையை மூடிக் கீழே இறக்கினார்.

"வரட்டுமா பி.ஏ.?" என்று சித்தப்பா பாறையில் ஏறிக் குதித்தார்.

நான்கைந்து மூச்சு விடும் நேரம். திரி ஈரப்பட்டு மெதுவாக எரிந்திருக்க வேண்டும். கயம் எழுந்து நின்றது. தண்ணீர் திரும்ப விழுந்தபோது அது சிவந்திருந்தது. சித்தப்பா மல்லாந்து மிதந்தார். முகம் சிதையவில்லை. நெஞ்சுக்குக் கீழேதான் ஒன்றும் இல்லை. சுற்றிலும் கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அப்பா குதித்து, மீன்களைத் தள்ளிக்கொண்டு போய், அவரை அக்குளில் கைவிட்டு இழுத்தார். இழுக்க இழுக்க உடம்பிலிருந்து ஒவ்வொன்றாக ஆற்றோடு போனது.

போலீஸ் அப்பாவைக் கொண்டுபோனது. "மூணு போட்டேன், மூணு வெடிச்சிச்சு. நாலாவது வேற எவனோ வச்சிட்டுப் போனது" என்று சொன்னார். அடித்தும் கேட்டார்கள். அதையேதான் சொன்னார். என் வாக்குமூலத்தை ஏட்டு என்னையே எழுதச் சொன்னார், படித்தவன் என்று. 'சத்தத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை' என்று எழுதினேன். பிழையில்லாத தமிழ். கீழே பி.ஏ. என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

பதினோரு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். இரண்டு பல் இல்லை. வீட்டில் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. சம்மட்டியின் காம்பை மட்டும் கழற்றிக்கொண்டு கிளம்பினார்.

குமுளி பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் பெரியமுத்து பன் தின்றுகொண்டிருந்தான். அப்பா பின்னாலிருந்து அடித்தார். பன் வாயில் இருக்க அவன் பெஞ்சோடு கவிழ்ந்தான்.

"எவம்ல என் கயத்துல தோட்டா போட்டது? நீதானல?"

"நா இல்ல தாத்தா! அன்னைக்கு நான் கம்பத்துல—"

அப்பாவுக்கு அது கேட்கவா போகிறது? அடுத்த அடி காதோரம் விழுந்தது. தடுக்க வந்த கடைக்காரர் இன்னாசிராஜின் மணிக்கட்டிலும் ஒன்று விழுந்தது. பையன் தரையில் ஊர்ந்தான். கண்ணாடித் தம்ளர்களின் மேல் ஊர்ந்தான். அப்பா காம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். கிடா வெட்டிக் காட்டும்போது நிற்பாரே, அதே நிலை.

நான் நடுவில் விழுந்து அவர் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டினேன்.

"என்னல?"

மறுபடி இரண்டு விரல். மூன்றாவதை இன்னொரு கையால் மடக்கிக் காட்டினேன். பிறகு கடிகாரத்தில் பன்னிரண்டைத் தொட்டேன். மலையைக் காட்டினேன். கல் உடைப்பதுபோல் கையை அசைத்தேன்.

அப்பா வெகுநேரம் மலையையே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. ஞாயிறு, திங்கள் என்று கிழமைகளை எண்ணினாரோ என்னவோ. காம்பு கீழே விழுந்தது. சுற்றி நின்றவர்களிடம், காது கேளாதவர்களின் உரத்த குரலில் சொன்னார்:

"படிச்சவம்லா. இருந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கான்."

யோசித்துக் கண்டுபிடித்ததாக அவர் நினைத்துவிட்டார். நான் தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

அங்கிருந்து நேராகச் சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். ராமுத்தாய்ச் சித்தி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அப்பா அவள் முன்னால் நின்று மூன்று விரலை உயர்த்தினார். மூன்றாவதை மடக்கினார்.

சித்திக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் சுரங்கக்காரன் பெண்டாட்டி. ஒரு விறகுக்கட்டையை எடுத்தாள்.

"ஒங்கையப் பாத்துத்தானண்ணே போச்சு அந்த உசுரு!"

தோளில் அடித்தாள். கழுத்தில் அடித்தாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. தடுக்கப் போன அம்மாவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். அம்மா விறகுக் குவியலில் போய் விழுந்தாள். சித்திக்கு மூச்சு வாங்கியது. கட்டையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தாளுக்குத்தான் காது இல்ல. ஒனக்கு இருந்துச்சுல்ல?"

நான் கவனிக்கவில்லை என்று மறுபடி சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுத்த வாசகம் கைவசம் இருந்தது.

"கேட்டுச்சு சித்தி," என்றேன். "மலைக்கு அந்தப் பக்கமாத்தான் கேட்டுச்சு. அப்பவே தெரியும்."

அவள் கட்டையைத் தூக்கினாள். என் தலைக்கு நேராகத்தான் தூக்கினாள். நான் நகரவில்லை. அப்பாவுக்கு நாங்கள் பேசியது எதுவும் தெரியாது. கட்டை தன் மகனை நோக்கி வருவது மட்டும்தான் தெரிந்தது. ரத்தம் மூடிய கண்ணோடு பாய்ந்து குறுக்கே வலது கையை நீட்டினார்.

எலும்பு முறிந்த சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. தொங்கிய கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, என் வாயையே பார்த்தார்.

"அவகிட்ட என்னல சொன்னே?" என்று கேட்டார்.