பொத்தானைத் துப்பிய ஓர்சோலா

ஓர்சோலா ஸாங்கி 1709-இல் வெனிஸ் நகரத்தின் சான் பர்னபா பேட்டையில் பிறந்தாள்; 1781-இல் அதே பேட்டையில் இறந்தாள். நடுவே முப்பத்தெட்டு வருடம் பெரிய வீட்டுப் பெண்களின் கிழிந்த லேஸைத் தைத்துக் கொடுத்தாள். ஊசி ஓடும்போதெல்லாம் வாயும் ஓடும்.

நாற்பத்திரண்டு வயதில், விதவையாகிப் பதினோரு வருடம் கழித்து, அவள் ஒரு படத்துக்காக நின்றாள். அவளுடைய நீண்ட கழுத்து ஓவியர் லுனார்தோ காஃபிக்குப் பிடித்துப்போயிற்று. ஐந்தரைச் சாண் அகலத் துணியில், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே முகமூடி போட்ட ஒரு சீமாட்டியும் அவளிடம் குனிந்து பேசும் காதலனும். காதலனாக நின்றவர் பாஸ்தியான் வியோ, துறையில் படகு தள்ளுகிறவர், மனைவியை இழந்தவர். இரவல் பட்டுக்கோட்டுக்குக் கீழே அவருடைய சொந்த மரக்கட்டைச் செருப்பு இருந்தது.

அவருடைய வெள்ளை முகமூடி வாய்ப்பக்கம் திறந்திருக்கும், தாராளமாகப் பேசலாம். அவளுடையது கறுப்பு வெல்வெட். அதற்கு நாடா கிடையாது. உள்ளே இருக்கும் பொத்தானைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும்.

"இன்னைக்கு மூணாவது தடவை விட்டுட்டே," என்றார் ஓவியர்.

"மீன்காரி கூப்பிட்டா பதில் சொல்ல வேண்டாமாங்க?"

"இன்னொரு தடவை விட்டா உனக்குப் பதிலா பக்கத்து வீட்டுப் பெத்தாவை நிக்க வெச்சிடுவேன்."

"அவளுக்கு ஏதுங்க கழுத்து? தோளுக்கு மேல நேரா தாடைதான்."

பாஸ்தியான் சிரித்தார். அவள் மறுபடியும் பொத்தானைக் கடித்துக்கொண்டாள். அது ஜனவரி 22, வெள்ளிக்கிழமை, ஒன்பதாவது நாள்.

"ஓர்சோலா," என்றார் பாஸ்தியான் மெதுவாக. "கியோஜாங்கற ஊர்ல உப்புப் படகு வேலைக்குக் கூப்பிடறாங்க. சாயங்காலம் பதில் சொல்லணும். நீங்க என்னைக் கட்டிக்கிறதா இருந்தா நான் போகலே."

அவள் அசையாமல் நின்றாள். அசைந்தால் பெத்தா வந்துவிடுவாள். உட்காரும் வேளை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பாஸ்தியானின் கணக்கு வேறு. இந்தக் கறுப்பு முகமூடிக்காரிகளைப் பல வருடம் படகில் ஏற்றியவர் அவர். ஆளைப் பிடித்திருந்தால் முகமூடியை எடுத்துவிட்டுப் பேசுவார்கள். பிடிக்காவிட்டால் கடித்தபடியே இருந்துவிடுவார்கள். அதுதான் ஊர் வழக்கம். அவர் நூறு எண்ணும் நேரம் காத்திருந்தார்.

"சரிங்க, புரிஞ்சுது," என்று தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். செருப்புச் சத்தம் கதவை நோக்கிப் போயிற்று.

அப்போதுதான் அவளுக்கும் அந்த வழக்கம் நினைவுக்கு வந்தது. பொத்தானைத் துப்பி, விழுந்த முகமூடியைக் கையில் பிடித்தாள்.

"போகாதீங்க. இந்தாளு வாயைக் கட்டிப்போட்டிருக்காருன்னு தெரியாதா உங்களுக்கு? ஒன்பது நாளா பக்கத்துல நிக்கறீங்க, நான் பேசக் கூடாத நேரமாப் பாத்தா கேக்கறது?"

"மத்த நேரம் நீங்க என்னை எங்கே பேச விட்டீங்க?" என்றார் பாஸ்தியான் கதவடியில்.

ஓவியர் காஃபி பெத்தாவைக் கூப்பிடவில்லை. "அப்படியே நில்லு, வாயை மூடாதே," என்று முன்பு தீட்டிய முகத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

பிப்ரவரி 15, திங்கட்கிழமை, திருமணம். படம் விலைபோய்ப் பாதுவா நகரத்துக்குப் போயிற்று. முகமூடியைக் கையில் பிடித்த சீமாட்டி காதலனைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கிறாள் என்று அங்கே எல்லோரும் மெச்சுவதாகக் காஃபி ஒருநாள் சொன்னார்.

"சிரிக்கலீங்க," என்றாள் ஓர்சோலா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "திட்டிக்கிட்டிருக்கேன்."