அக்கா என்னை 'சார்' என்றாள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் தொழில். எந்த அருவி எவ்வளவு உயரம், எந்த பங்களாவை எந்தத் துரை கட்டினார் என்று மூச்சுவிடாமல் சொல்வேன்.

அன்று சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, எதிரே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தைக் காட்டி, "அங்க யாரு இருக்காங்க?" என்றார்.

நான் பிறந்து வளர்ந்த லயம் அது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆனாலும், "தோட்டத்து ஆளுங்க. எனக்குக் கண்டி டவுனுங்க," என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா அவளோடு படம் எடுத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பியபோது அக்கா என்னைப் பார்த்து, "மெதுவா எறங்குங்க சார், வழுக்கும்," என்றாள்.

மாலையில் வழக்கம்போல், "டேய், சாப்பிட வாடா," என்று கூப்பிட்டாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.