குடைப்பிடியில் நின்ற கார் ஹுட்

கூரையை மடித்துப் பின்னுக்குப் போடுகிற கார் ஒன்றைப் புத்தியுள்ள மனிசன் எவனாவது வாங்குவானா? என் வீட்டுக்காரர் வாங்கினார். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டு மூட்டை கட்டிய காலம் அது. இவர் டொக்யார்டில் கிளாக்கர். கப்பல் ஏறப்போன ஒரு ஒப்பிசர் நாயை ஒருவர் தலையிலும் காரை இவர் தலையிலும் கட்டிவிட்டுப் போய்விட்டார். நாயை எடுத்தவர் கெட்டிக்காரர் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

சின்னக் கார். மேலே துணிக்கூரை. அதை எல்லாரும் ஹுட் என்பார்கள். முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொளுக்கி. அவற்றைக் கழற்றித் தள்ளினால் ஹுட் மடிந்து பின்னால் போய்க் குந்திக்கொள்ளும். வெயில் காலம் முழுக்க இவர் அதை மடித்துவிட்டுத் துறைமுகக் கரையெல்லாம் சாமி ஊர்வலம் போனார். நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மீன் வாங்க நிற்கிற சனமெல்லாம் நிமிர்ந்து பார்க்கும். இந்த மனிசன் கையை வேறு காட்டுவார்.

ஐப்பசியில் முதல் மழை இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் ஹுட்டை இழுத்து மூடப் போனார். மடிப்புக்குள்ளிருந்து ஒரு எலிக் குடும்பம் பாய்ந்து என் காலுக்கு மேலால் ஓடியது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கடித்துக் கந்தலாக்கி வைத்திருந்தன. நான் வயிறு நோகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. என் அம்மா, இலங்கைத்துறையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தா.

அம்மாவைக் கேளாமல் நானும் இவரும் எழுத்து எழுதிப் பதிவுக் கலியாணம் செய்துகொண்டவர்கள். அதற்காக அம்மா என்னை ஏசித் தீர்த்தா, பிறகு கதைத்தா. இவரோடு மட்டும் ஒரு சொல் இல்லை. எங்கள் பக்கத்தில் மாமிமார் மருமகனோடு முகத்துக்கு நேரே அதிகம் கதைக்கமாட்டார்கள், சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவார்கள். அந்த வழக்கம் அம்மாவுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது. கோபத்தை அதற்குள் ஒளித்து வைத்துக்கொண்டா. இவர் எதிரில் நின்றாலும், “பிள்ளை, அவரிட்டச் சொல்லு” என்றுதான் தொடங்குவா. எனக்கு அது நெஞ்சில் முள். நேரே முகம் பார்த்து இவரோடு ஒரே ஒரு வார்த்தை கதைத்துவிட்டால் போதும் என்று நான் வேண்டாத கோயில் இல்லை.

இவரைப் பற்றி அம்மா சொல்லுகிற குறை ஒன்றுதான். தொட்ட வேலையை முடிக்கமாட்டாராம். அது பொய்யும் இல்லை. எங்கள் அடுப்படிச் சுவரில் பாதிக்குத்தான் சுண்ணாம்பு. கோழிக்கூட்டுக்குக் கதவு இல்லை, கோழியே வாங்கவில்லை.

அம்மா சொல்லி அனுப்பியதும் விறைப்பாகத்தான் இருந்தது. பல்லு வலி தாங்க ஏலாதாம். பெரியாசுபத்திரியில் பிடுங்கத்தான் வருகிறாவாம். எங்களைப் பார்க்க வருவதாக யாரும் நினைக்க வேண்டாமாம். கடல் கொந்தளிக்கிற வாடைக் காலத்தில் மூதூர் லாஞ்சிப் படகில் அம்மா ஏறமாட்டா. ஆகையால் தரைவழியே கிண்ணியா வந்து, அங்கே பாதையில் கடந்து இக்கரைக்கு வருவா. வாகனத்தையும் சனத்தையும் ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மிதவையைத்தான் பாதை என்போம். துறையில் பஸ் நிற்கும், அதில் வரட்டும் என்றேன். இவர் கேட்டால்தானே. மாமியைக் காரில் ராசாத்தி மாதிரிக் கொண்டுவரப் போகிறாராம்.

முதலில் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சொலூஷன் பூசி ஒட்டினார். ஹுட் முழுக்க அம்மைத் தழும்பு. பிறகு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் கையில் வெண்கட்டியோடு உள்ளே இருக்க வேண்டும். இவர் வாளி வாளியாக மேலே ஊற்றுவார். சொட்டுகிற இடத்தில் நான் கோடு போட வேண்டும். நனைந்த துணியில் வெண்கட்டி எழுதுமா? அதுவும் போக, பின்னால் ஓட்டை இருந்தால் தண்ணீர் கம்பி வழியாக ஓடி முன்னால் சொட்டுகிறது. முன்னால் ஒட்டினால் நடுவில் சொட்டுகிறது. “எங்கை, எங்கை?” என்று மனிசன் வெளியில் நின்று கேட்கிறார். எல்லா இடமும்தான், என் தலை உட்பட என்றேன். வெண்கட்டியை வீசிவிட்டு இறங்கிப் போய்த் தலையைத் துவட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கிண்ணியாவில் தெரிந்த ஒரு வள்ளக்கார முதலாளியிடம் போய், படகுப் பாய் தைக்கிற தடிச்ச துணி, அதுதான் பாய்ச்சீலை, வாங்கி வந்தார். தண்ணீரில் நன்றாக ஊறப்போட்டு, காயவைத்து, அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும் என்று அந்த முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வந்து, வழியிலேயே மறந்துபோனார். ஊறப்போடாத சீலையை அப்படியே அளவாக வெட்டி, தையல்காரரைக் கொண்டு தைப்பித்து, மேளம் மாதிரி இழுத்துப் பூட்டினார். ஒரு வாளி ஊற்றிப் பாருங்கோ என்றேன். கடலுக்குப் போகிற சீலைக்கு வாளி என்ன வாளி என்றார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இந்த மனிசன் ஒரு வேலையை முடித்துவிட்டாரே என்று எனக்கும் கொஞ்சம் பெருமை.

அம்மா பாதையிலிருந்து இறங்கினா. ஒரு கையில் குடை, தோளில் பை, மற்றக் கை இடது கன்னத்தில். காரைச் சுற்றிவந்து பார்த்தா. இது என்ன கூடாரமோ என்று அவரைக் கேட்டுச் சொல் என்றா. இல்லை, புதுப் பாய்ச்சீலை என்று அம்மாவுக்குச் சொல் என்றார் இவர். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. அம்மா பின்னால் ஏறிக்கொண்டா, நான் இவருக்குப் பக்கத்தில்.

சீனக்குடாவுக்குக் கிட்ட மழை பிடித்தது. என்ன மழை, வானத்தில் வாய்க்கால் வெட்டிவிட்ட மழை. ஆனால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்சத் தூரம் போக, தலைக்கு மேலே சீலை முறுகுகிற சத்தம் கேட்டது. நனைந்த பாய்ச்சீலை சுருங்கிச் சுருங்கி ஹுட்டின் முன்சட்டத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. டக்கென்று என் பக்கத்துக் கொளுக்கி கழன்றது. நான் எழும்பி இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தேன். உடனே இவர் பக்கத்துக் கொளுக்கியும் கழன்றது. இவர் ஒரு கையால் ஹுட்டையும் மற்றக் கையால் ஸ்டியரிங்கையும் பிடித்தார். கியர் போட மூன்றாவது கைக்கு எங்கே போவது? முன்னால் பஸ் ஒன்று வருகிறது. மழை நேரே முகத்தில் அடிக்கிறது.

அப்போதும் பின்னாலிருந்து அம்மா, பஸ் வருகிறது என்று அவரிடம் சொல்லு பிள்ளை என்கிறா. வாய்க்குள் மழை. நான் எதைச் சொல்ல? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவ்வளவு பாடுபட்டும் இந்த மனிசன் அம்மா முன்னால் அவமானப்பட்டுப் போனாரே என்றிருந்தது.

என் கன்னத்துக்குப் பக்கத்தால் ஒரு குடை வந்தது. அம்மா எழும்பி முன் சீட்டின் முதுகில் முழங்காலை முட்டுக்கொடுத்து நின்று, குடைப்பிடியின் வளைவை முன்சட்டத்தில் கொளுவி, தன் பாரம் முழுவதையும் போட்டுக் கீழே இழுத்துப் பிடித்தா.

“தம்பி, கையை எடுங்கோ. நான் பிடிச்சுக்கொண்டன். நீங்கள் றோட்டைப் பாருங்கோ.”

இவர் கையை எடுத்தார். காலையும் எடுத்துவிட்டார் போல, கார் ஒருமுறை குலுங்கி நின்றுபோனது. பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரிப் போனான். இவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். “ஓம் மாமி” என்றார். நான் மழையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். நல்லவேளை, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டு வாசல் வரைக்கும் அம்மா குடையை விடவேயில்லை. பள்ளம் வருகிறது தம்பி, மாடு நிற்கிறது தம்பி, மெதுவாகத் தம்பி என்று வழி முழுக்க ஒரே கதை. இத்தனை வருஷக் கதையையும் அந்தத் தெருவிலேயே கதைத்து முடிக்கிற மாதிரி இருந்தது. நான் ஒருத்தி காருக்குள் இருப்பதே இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.

அடுத்த நாள் ஆசுபத்திரிக்கு அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். எந்தப் பல்லு என்று பல்லு டாக்குத்தர் கேட்டார். அம்மா வலது கன்னத்தைத் தொட்டா, பிறகு இடது கன்னத்தைத் தொட்டா. டாக்குத்தர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல பல்லை இந்த வயதில் தான் கண்டதில்லை என்றார். நேற்று நனைந்ததில் வலி போய்விட்டதாக்கும் என்று அம்மா சொன்னா. நான் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தால், இவர் ஹுட்டைக் கழற்றி முற்றத்தில் விரித்துப்போட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். மாமி போவதற்கிடையில் எப்படியும் சரிப்பண்ணிவிடுவேன் என்றார். அம்மா சுருங்கின சீலையைப் பார்த்தா. பாதிச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தா. கதவில்லாத கோழிக்கூட்டையும் பார்த்தா.

“அவசரமில்லைத் தம்பி. ஆறுதலாச் செய்யுங்கோ. உது முடிஞ்சாப் பிறகு நான் போறன்.”

தைப்பொங்கலுக்கு அம்மா எங்கள் முற்றத்தில்தான் பொங்கினா. பக்கத்தில் கார் இன்னும் ஹுட் இல்லாமல் நின்றது.